எந்நேரமும் மாட்டிய பல்

தன்னிடம் பல் செட் வாங்கியவர் எவரும் அதைக் கழற்றி வைத்ததாக வரலாறே இல்லை என்பது எங்கள் பல் டாக்டரின் நிலையான அறிவிப்பு. அன்று வரலாற்றைக் கெடுக்க வந்த பஸ் கண்டக்டர் நாற்காலி நுனியில் நெளிந்தார்.

“இதைப் போட்டா ஸ்டாப் பேரே சொல்ல வரல டாக்டர். வேலைக்கே வேட்டு வெச்சிடும் போல. டூட்டியில மட்டும் கழட்டிக்கவா?”

“வாசல்ல செருப்பைக் கழட்டும்போதுதானே பல்லை மாட்டுனீங்க? செக்கப்புக்காக மாட்டுற ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. எந்நேரமும் போட்டிருந்தாதான் பழகும்.”

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “டாக்டர், உங்களுக்குப் பல் கட்டின புரொபசர் வந்திருக்கார். செட் பழகிடுச்சான்னு பார்க்கணுமாம்.”

டாக்டர் இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்து, இரண்டு கடைவாய்ப் பற்களை அவசரமாக மாட்டிக்கொண்டார். பிறகு குழறிய குரலில் கண்டக்டரிடம், “டூட்டியில கழட்டிக்குங்க,” என்றார்.