வாடாத ரகம்

“இந்த ரகத்துக்கு வாடல் நோய் வராது. இலைச்சுருட்டை வராது. கருகல் வராது. வரவே வராது” என்று தக்காளி விதைப் பொட்டலத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார் ஆய்வாளர்.

“அப்போ மாடியில உங்களுக்கு என்னதாங்க வேலை?” என்றாள் மனைவி.

“தண்ணி ஊத்தணும், பழம் பறிக்கணும். அவ்வளவுதான்.”

ஆலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு திருகாணி முடியளவு கூடக்குறைய இருந்தாலும் திருப்பி அனுப்பியவர். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கண்ணுக்குத் தீனி போட்டவை மாடித் தக்காளிகள்தான். ஒரு செடி வாடும், இன்னொன்று சுருளும். காலையில் பூதக்கண்ணாடியோடு ஏறினால் சாப்பிடத்தான் இறங்குவார். அப்படியும் ஒரு பழம் உருப்படியாகக் கைக்கு வந்ததில்லை.

புது விதை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தண்ணீர் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. மீதிப் பொழுதில் வீட்டாருக்கு ஒத்தாசையாக இருப்போமே என்று அவர் கீழே இறங்கி வந்தார்.

“வெங்காயத்துல ஒரு துண்டு பெருசா இருக்கு, ஒரு துண்டு சின்னதா இருக்கு. எப்படி ஒரே மாதிரி வேகும்?”

“வெந்துடும் மாமா” என்றாள் மருமகள்.

“வெந்துடும்கிறது ஒரு அளவு இல்லைம்மா.”

குளிர்பெட்டியில் இருந்த பாட்டில்களை உயரவரிசையில் நிறுத்தினார். துணிக்கொடியில் கிளிப்புக்கும் கிளிப்புக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். மருமகள் அறையில் உட்கார்ந்து அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து, “குரலைத் தாழ்த்திப் பேசினா எதிராளி மதிப்பான்” என்றார். இத்தனை நாள் தன் மேற்பார்வை இல்லாமல் இந்த வீடு எப்படி ஓடியது என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

ஒருநாள் மகன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“அப்பா, நாங்க வேற வீடு பார்க்கலாம்னு இருக்கோம். அவ ஆபீஸுக்குப் பக்கமா.”

“அவதான் வீட்டுலேர்ந்தே வேலை பார்க்குறாளே.”

மகன் தலையைச் சொறிந்தபடி அறைக்குள் போய்விட்டான். இடம் போதவில்லை போலிருக்கிறது என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார். மனசு வலித்தது. உடனே மருமகளைக் கேட்காமலே அவள் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தக்காளித் தண்டுகளில் வெள்ளை வெள்ளையாக, பஞ்சை ஒட்டியது போல மாவுப்பூச்சி. ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு விதைக்கடைக்காரரிடம் ஓடினார்.

“நோய் தாங்கும்னுதான் சார் பொட்டலத்துல போட்டிருக்கு. பூச்சி தாங்கும்னு போடலையே.”

“இதுக்குப் பறக்கத் தெரியாதேய்யா. மாடிக்கு எப்படி வந்துச்சு?”

“எறும்பு தூக்கிட்டு வந்திருக்கும் சார். எறும்பை விடாதீங்க.”

ஆய்வாளர் எறும்பை விடவில்லை. தொட்டிகளைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்தினார். சோப்புத் தண்ணீர் அடித்தார். சின்னத் தூரிகையால் ஒவ்வொரு பூச்சியாகத் துடைத்தெடுத்தார். சாப்பாடே மாடிக்குப் போயிற்று. கீழே வெங்காயம் அவரவர் இஷ்டத்துக்கு நறுக்கப்பட்டது.

மகன் அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. “மாமா இவ்வளவு கஷ்டப்படுறப்போ எப்படி விட்டுட்டுப் போறது?” என்று மருமகளே சொன்னாளாம். அதைக் கேட்டு அவர் நெகிழ்ந்துபோனார். தனக்கு வாய்த்த குடும்பம் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்தபடியே அடுத்த இலையைத் திருப்பினார்.

அதே நேரம், கீழே பின்பக்கச் சுவரோரம் நின்ற மனைவி, ஒரு காலிப் பையை மடித்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.

“நீ குடுத்த மாவுப்பூச்சிக் கிளை ஒண்ணே போதுமா இருந்துச்சு.”

“உங்க வீட்டுல கொஞ்சம் மிச்சம் வைங்கக்கா” என்றாள் அவள். “எங்க செடியில இருந்ததையெல்லாம் எங்க வீட்டுக்காரர் நசுக்கித் தீர்த்துட்டார். நேத்து அதே விதையை வாங்கிட்டு வந்து, இனிமே சமையல்ல ஒத்தாசை பண்றேங்கிறார்.”