வெளியேறுவது எப்படி?

“உள்ளுக்க மாட்டுப்பட்டுட்டன் அக்கா. எப்பிடி வெளிய வாறது?”

கஜானி இதைத் தட்டி முடிப்பதற்குள் மாமாவின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. உதயரூபன் மாமா கதிரைக்குப் பின்னால் நின்று எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“என்னடி இது? எதுக்குள்ள மாட்டுப்பட்ட?”

“இந்தப் புரோகிராமுக்குள்ள மாமா. திறந்தா லேசில மூட ஏலா. புதுசா வாற எல்லாரும் இதுக்க நிண்டு முழிக்கிறதான்.”

அது பொய்யில்லை. வரிவரியாக எழுதித் திருத்துவதற்கு யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கக்கூடிய மென்பொருள் அது. அதற்குள் போன புதியவர்கள் வெளியே வரத் தெரியாமல் கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டு ஓடுவார்கள். அவர்கள் அப்படிப் பயந்து ஓடாதபடி எளிய தமிழில் விளக்கம் எழுதும் குழுவில் கஜானி இரண்டு வருடமாக இருந்தாள். குழுவை நடத்துவது ஏறாவூர் ரிப்கா. யாருக்கும் சம்பளம் கிடையாது.

“கூலிக்கு மாரடிக்கிறவங்களக் கண்டிருக்கன். இவள் கூலியில்லாமலே மாரடிக்கிறாள்” என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு வான் வரும். இரவோடிரவாகக் கொழும்பு, விடிந்தால் விமானம். பெயர் வாயில் நுழையாத ஊரில், யாரோ ஒருவர் வீட்டில் சட்டி கழுவும் வேலை. கஜானிக்குப் பதினாறு வயது. மேசையில் கிடந்த பாஸ்போட்டில் இருபத்துமூன்று. அம்மா செத்து மூன்று வருடம், கேட்க ஆளில்லை.

அவளுடைய போன் இரண்டு நாளாக மாமாவின் சேட்டுப் பையில் கிடந்தது. ரிப்கா விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததால்தான் அவர் இப்போது லெப்டொப்பை எடுத்துக் கொடுத்திருந்தார்.

“பத்து நிமிசம். வேலையெல்லாம் முடிஞ்சுது, இனி வரமாட்டன் எண்டு எழுதிப்போட்டு மூடு.”

“திறந்து கிடக்கிறத ஒழுங்கா மூடாட்டி அக்கா வீட்டுக்கே வந்திருவா மாமா. மூடுற வழியக் கேட்டுட்டு மூடுறன்.”

வருவாள்தான். போன வருடம் இந்தப் பழைய லெப்டொப்பை ஸ்கூட்டியில் வைத்து வவுணதீவு வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தான். “சரி, கேள்” என்றார் மாமா. கஜானி கேள்வியை அனுப்பினாள்.

திரையில் பதில் விழுந்தது.

“எஸ்கேப்.”

மாமாவின் கை கதிரையை இறுக்கியது. “என்ன எஸ்கேப்? ஆரு எஸ்கேப்?”

“ஐயோ மாமா, இந்தா, கீபோட் மூலையில கிடக்கிற இந்தக் கட்டை. இத அமத்தச் சொல்றா.”

மாமா குனிந்து, கட்டையில் இருந்த மூன்று எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“அமத்திட்டன் அக்கா. வர ஏலாமக் கிடக்கு” என்று கஜானி எழுதினாள்.

“எத்தினையாவது வரியில நிக்கிற?”

“அஞ்சு. அஞ்சு தாண்டினா எல்லாம் அழிஞ்சிடும் அக்கா.”

சுவர் மணிக்கூட்டில் மூன்று மணி தாண்டியிருந்தது. பிறகு பதில் ஒரேயடியாக வந்து கொட்டியது.

“என்னகா இது, நொய் நொய்யெண்டு? ‘வெளியேறுவது எப்படி?’ எண்டு ஒரு பக்கமே போட்டுக் கிடக்கு. சின்னப் புள்ளைக்கும் விளங்கும். கண்ணத் திறந்து அத வாசி. எனக்கு ஆயிரம் அலுவல் கிடக்கு, மறுகாவும் வந்து கரைச்சல் தராத.”

ரிப்காவின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கிழிஞ்சுது போ! ரெண்டு வருசம் மாரடிச்சதுக்கு நல்ல மரியாத.” லெப்டொப்பைத் தானே மூடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

கஜானி பூட்டிய அலுமாரியைப் பார்த்தாள். ரிப்கா அக்காவுக்கு விளங்கவில்லை. இருந்த ஒரேயொரு ஓட்டையும் அடைபட்டுப் போயிற்று.

“ஏர்போட்டில வயசு கேட்டா?”

“இருபத்திமூண்டு.”

“முகத்தப் பாத்துச் சொல்லு.”

“இருபத்திமூண்டு, மாமா.”

நாலே முக்காலுக்குப் படலையடியில் வாகனச் சத்தம் கேட்டது. “நேரத்தோடயே வந்திட்டான்” என்று மாமா ஒரு கையில் பாஸ்போட்டும் மறு கையில் அவளுடைய பையுமாகப் போய்ப் படலையைத் திறந்தார்.

நின்றது வான் இல்லை. பொலிஸ் ஜீப்.

இரண்டு பெண் பொலிஸார் இறங்கினார்கள். ஒருத்தி மாமாவின் கையில் இருந்த பாஸ்போட்டை வாங்கி விரித்துப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவளைப் பார்த்தாள்.

“தங்கச்சி, உங்களுக்கு எத்தின வயசு?”

மாமா முறைத்தார். “பதினாறு” என்றாள் கஜானி.

ஜீப்புக்குப் பின்னால் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க வந்தாள் ரிப்கா. அவளைக் கண்டதும் மாமாவுக்கு நிறம் மாறியது.

“அவள் உனக்கிட்ட ஒண்டுமே சொல்லல்லையே! நான் பக்கத்தில நிண்டு எழுத்தெழுத்தா வாசிச்சனே! ஒரு புரோகிராம மூடத் தெரியாமக் கேட்டாள், அவ்வளவுதானே!”

ரிப்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“அந்த ‘வெளியேறுவது எப்படி?’ பக்கத்த எழுதினதே இவதான், அங்கிள்.”