உள்ளே எத்தனை பேர்?

"சாவி என்கிட்ட இல்லம்மா" என்றார் வாட்ச்மேன். சாவி அவர் சட்டைக்குள், கழுத்துக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரும்புக் கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூலிப்படைக் கேப்டன் நின்றாள். ஹெல்மெட்டின் ஒரு பக்கம் கருகியிருந்தது. ஸ்பீக்கர் வழியாக அவள் குரல் கரகரத்தது.

"சரி, அத விடுங்கண்ணே. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

வாட்ச்மேனுக்குத் திக்கென்றது. இந்தக் கேள்வியை ஒருத்தி சும்மாவா கேட்பாள்?

காற்றே இல்லாத இந்தக் கிரகத்தில், ஒரு வருஷமாகச் சுரங்கத்தை எதிரியிடமிருந்து காத்தது அவளுடைய படைதான். சம்பளத்துக்குச் சண்டை போடுகிறவர்கள்தான், ஆனால் வேலையில் சுத்தம். ஒவ்வொரு தடவை இந்தக் கதவைத் தாண்டும்போதும் "போயிட்டு வர்றேண்ணே" என்று அவள் சொல்லாமல் போனதில்லை.

நேற்று முதலாளிகள் எதிரியோடு கைகுலுக்கிக்கொண்டார்கள். கூலிப்படை எங்கே பதுங்கியிருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுத்தார்கள். குண்டு விழ ஆரம்பித்ததும், பாவம், அந்தப் படை விழுந்தடித்துக்கொண்டு இந்தக் கதவுக்குத்தான் ஓடி வந்தது.

"திறக்காதே" என்று மாடியில் இருந்த முதலாளிகளிடமிருந்து உத்தரவு. வாட்ச்மேன் திறக்கவில்லை. எத்தனையோ கைகள் கதவைத் தட்டின, பிறகு சில கைகள் மட்டும் தட்டின. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு வாய் இறங்காமல் எழுந்துவிட்டார். தன்னை மனுஷன் என்று சொல்லிக்கொள்ளவே அவருக்குக் கூசியது.

இப்போது வந்து ஆள் கணக்குக் கேட்கிறாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்காதா?

கீழ்த்தளத்துக்குக் கூலிப்படையை ஒரு நாளும் விட்டதில்லை. அங்கே சுரங்க ஆட்களும் பெண்டாட்டி பிள்ளைகளுமாக ஐம்பது பேர் தேறினால் அதிகம். துப்பாக்கி என்று ஒன்று மருந்துக்குக்கூடக் கிடையாது. அது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

"எரநூறு பேரும்மா. எல்லார் கையிலயும் துப்பாக்கி இருக்கு."

கேப்டனின் முகம் வெளுத்துவிட்டது. "எரநூறா! ஐயோ... அண்ணே, கொஞ்சம் நான் சொல்றத..."

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். பாதி பயம். மீதிப் பாதி, அவள் வாயால் இன்னொரு தடவை 'அண்ணே' என்று கேட்கத் தெம்பில்லை.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். கையை ஆட்டி என்னவோ சொல்லிப் பார்த்தாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் அவள் திரும்பி, தூரத்தில் நின்ற தங்கள் ஓட்டை விண்கப்பலை நோக்கி ஓடினாள்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "என்னவாம்?"

"உள்ள எத்தனை பேருன்னு கேக்குறா."

"எதுக்கு?"

"எதுக்கா? நேத்து நாம பண்ணின காரியத்துக்கு மாலை போட்டுட்டுப் போவா பாரு."

"நாமன்னு என்னையும் சேக்காதீங்க. சாவி உங்க கழுத்துலதான் தொங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. கயிற்றைச் சட்டைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டார்.

"மாடிக்காவது சொன்னீங்களா?"

"காலையிலேர்ந்து போன் பண்றேன். மணி அடிக்குது, ஒருத்தரும் எடுக்கல."

"நேத்து திறக்காதே திறக்காதேன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டாங்க. இன்னைக்கு எடுக்க மட்டும் கை வலிக்குதாமா?"

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கப்பலின் பின்கதவைத் திறந்துபோட்டு, உள்ளேயிருந்து பீரங்கிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கால் தாங்கித் தாங்கி நடந்தவன்கூடக் குண்டுப் பெட்டி தூக்கினான். துப்பாக்கிகளை விறகு மாதிரி தரையில் குவித்தார்கள்.

"போச்சு. கதவ உடைக்கப் போறாங்க" என்றார்.

"உள்ள புள்ளைங்க இருக்குன்னு சொல்லுங்க. கால்ல விழுந்தாவது சொல்லுங்க!" என்று மனைவி அழ ஆரம்பித்தாள்.

கேப்டன் மறுபடி கதவருகே வந்தாள். இந்தத் தடவை அவள் கையில் எதுவும் இல்லை. மூச்சு வாங்கியது. வாட்ச்மேன் ஸ்பீக்கரைப் போட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் கொட்டிவிட்டார்.

"தங்கச்சி, சாவி என்கிட்டதான் இருக்கு. நேத்து நீங்க தட்டினப்பவும் இருந்துச்சு. திறக்காத பாவி நான்தான். என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ, நானே வெளிய வர்றேன். உள்ள சின்னச் சின்னப் புள்ளைங்க இருக்கும்மா. அதுங்கள மட்டும் விட்டுடு."

அவள் கண்கள் சிவந்திருந்தன.

"தெரியும்ணே. கண்ணாடி வழியா உங்க முகத்தப் பாத்துக்கிட்டேதான் தட்டினேன்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்தக் கணக்க அப்புறம் பேசலாம். மாடியில ஒருத்தரும் இல்ல, காலையிலயே பறந்துட்டாங்க. அவங்க பேரம் பேசினது எங்க ரேடியோவுல கேட்டுச்சு. எங்கள மட்டும் விக்கலண்ணே, உங்களையும் சேத்துத்தான் வித்திருக்காங்க. சாயங்காலம் இங்க குண்டு விழும்."

"அப்ப... நீங்க வந்தது?"

"கப்பல்ல எரநூறு பேருக்கும் எடம் பண்ணியாச்சு, மொதல்ல புள்ளைங்கள ஏத்துங்க."