படம் போடாமல்

நான் சாக்பீஸை எடுத்தாலே பெயிண்ட்காரருக்கு முகம் சுருங்கிவிடும்.

“படம் வேணாம் மேடம். வாயால சொல்லுங்க.”

வேதியியலை வாயால் சொல்ல வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்வேன். அவரை விட்டால் அந்த அறையில் என்னை ஏனென்று கேட்க நாதியில்லை.

கல்லூரியின் மூன்றாவது மாடியில் கடைசி அறை. ‘முதலாண்டு வேதியியல், சந்தேக நேரம், வியாழன் 4 முதல் 6 வரை, யாரும் வரலாம்’ என்று நானே எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். ஆராய்ச்சி மாணவிதானே என்று துறை என் தலையில் கட்டிவிட்ட வேலை. பிள்ளைகள் ஏன் வரப்போகிறார்கள்? கைபேசியிடம் கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அதுவும் திட்டாமல் சொல்கிறது.

ஆகவே நான், நான்கு பெஞ்சுகள், இரண்டு நாற்காலிகள், சிமிட்டிக்கொண்டே இருக்கும் ஒரு டியூப் லைட். ஸ்டார்ட்டர் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் பெற்ற பெண்ணுக்கு இதை இன்னொருத்தர் வந்து சொல்ல வேண்டுமா? அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல்தான்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் அவர் எட்டிப் பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நகக்கண்ணில் நீலப் பெயிண்ட். பெயிண்ட் கம்பெனியில் கலவை போடுகிற வேலையாம். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படிக்கிறவர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

“மோல்னா என்னங்க மேடம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள புரிஞ்சாகணும். இல்லேன்னா அவ்வளவுதான்.”

ஞாயிற்றுக்கிழமை ஏதோ தேர்வு போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை. டஜன் என்றால் பன்னிரண்டு என்பதுபோல மோலும் ஓர் எண்ணிக்கைதான் என்று சொன்னேன். எந்தப் பொருள் முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் என்பதை வண்டியையும் சக்கரத்தையும் வைத்துச் சொன்னேன். அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கேட்டதை முழுக்கச் சுவரிடம் ஒப்பிப்பார். எங்காவது தட்டினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் அமிலத்தையும் காரத்தையும் மாற்றிச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “நல்லவேளை, இங்க வெச்சு உளறினேன்.”

சுவரோடு பேசும் மனிதரையும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னையும் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கோ வாரத்தில் மனிதர்களோடு பேசுவதே அந்த இரண்டு மணி நேரம்தான். அவருக்கு என்ன உதாரணம் சொல்லலாம் என்று திங்கட்கிழமையே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இன்று அவர் வந்தபோது கையில் எப்போதும் இருக்கும் நோட்டு இல்லை. உட்காரவும் இல்லை.

“மார்க் வந்துடுச்சு மேடம். தொண்ணூத்திரண்டு.”

நான் கைதட்டியே விட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஏங்க, தொண்ணூத்திரண்டு வாங்கிட்டு எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?”

“நான் எங்க வாங்கினேன்? என் பொண்ணு வாங்கினா.”

பிறகுதான் சொன்னார். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி முதலாண்டு படிக்கிறாள். அம்மா இல்லாத பெண். வீட்டில் இவர் ஒண்டியாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரிப்பா வெச்சிடறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு ஞாயிறு, “நீங்க பெயிண்ட் கம்பெனிதானேப்பா, மோல்னா என்ன?” என்று கேட்டிருக்கிறாள். இவருக்கு எங்கே தெரியும்? அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டார். அடுத்த வாரம் நாற்பது நிமிடம் பேசினாளாம்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட நாற்பது நிமிடத்துக்குக் குறையவில்லை. போனில் படம் போட முடியாது, அதனால்தான் வாயால் கேட்டார்.

“ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்துட்டேன் போல மேடம். பரீட்சையும் முடிஞ்சுது. இனிமே அவ எதுக்குக் கூப்பிடுவா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

“உங்க பொண்ணு கையில போன் இருக்கில்ல? அதைக் கேட்டா அரை நொடியில சொல்லிடும். அப்புறம் ஏன் ஒரு வாரம் காத்திருந்து உங்ககிட்ட கேட்டா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த முறை எதையும் ஒப்பிக்கவில்லை. பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இந்த ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வியாழன் அவர் வரமாட்டார். எனக்குத் தெரியும்.

மணி ஆறாகவில்லை. நாற்காலி இன்னும் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. கைபேசியை எடுத்தேன். கடைசியாக எப்போது பேசினோம் என்று தேதி பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நாலாவது ரிங்கில் எடுத்தார்.

“அப்பா, இங்க ஒரு டியூப் லைட் சிமிட்டிக்கிட்டே இருக்குப்பா. என்னவா இருக்கும்?”