வலப்பக்கப் பை

மலையில் கூடாரம் போட்டுத் தங்குவதற்காகத் தணிகாசலம் பைக்கில் மூட்டை கட்டினார். இடப்பக்கப் பையில் கூடாரம், அடுப்பு, ஒரு படைக்கே பொங்கிப்போடும் அளவு அரிசி. வலப்பக்கப் பை எப்போதும் மனைவி புனிதாவின் துணிமணிக்கு. அவள்தான் இனி இவரோடு வாழமாட்டேன் என்று பிறந்தவீடு போய்விட்டாளே. அவருக்கு அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. வண்டி ஒருபக்கம் சாயக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பையில் அரை மலையளவு கருங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மிச்சப் பாத்திரங்களை எடுத்துப்போக வந்த புனிதா நின்று பார்த்தாள்.

“மலைக்கே கல்லு கொண்டுபோற ஆளு உலகத்துல நீங்க ஒருத்தர்தான். நான் என்ன இவ்வளவு கனமாவா இருந்தேன்?”

“இன்னும் பத்தல. இடப்பக்கமே இழுக்குது,” என்றார் நிமிராமல்.

அவள் சுவரோரம் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்துவந்து, மண்ணைத் தட்டிவிட்டுப் பைக்குள் வைத்து, தானே வாரை இறுக்கினாள்.