மூன்று வீட்டு சோபா

“தேக்கு நாற்காலியே என் வாடகைக்காரங்ககிட்ட ஒரு வருஷம் தாங்கல. இந்த அட்டை சோபா தாங்குமாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வேலாயுதம் தன் முழு எடையையும் அதன்மேல் இறக்கினார்.

சோபா முனகக்கூட இல்லை. எதிரே நின்ற விஷ்ணுப்ரியாவுக்குத்தான் மூச்சு நின்று வந்தது.

“அட்டை இல்ல அங்கிள். செம்பனை மரத்து நார அழுத்திச் செஞ்ச பலகை. ஆணி, ஸ்க்ரூ எதுவும் கிடையாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா சோபா. மாத்திச் சொருகினா கட்டில்.”

வேலாயுதத்துக்குக் கிள்ளானில் ஒரு கட்டடம் நிறைய வாடகை அறைகள் இருந்தன. அவர் சரியென்றால் அத்தனை அறைக்கும் இவள் சாமான்தான். இல்லையென்றால், சுங்கை வேயில் அவளும் அண்ணன் யுகேந்திரனும் நடத்தும் சின்னப் பட்டறையை இந்த மாதத்தோடு மூட வேண்டியதுதான்.

ஒரு வீட்டில் பார்த்தால் போதாது, மூன்று வீட்டிலாவது பார்க்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் தங்கள் ஃபிளாட் கட்டடத்திலேயே மூன்று வீட்டில் இருக்கிறது என்று அவளும் சொல்லிவிட்டாள். சொன்ன அன்று அது உண்மை. அதற்குள் வாங்கிய இரண்டு குடும்பமும் வீடு மாறிப் போய்விட்டன. லோரிகூடப் பிடிக்காமல், சோபாவைக் கழற்றித் தங்கள் காரிலேயே அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தது இந்த ஒரு செட்தான். இன்று மூன்று வீட்டிலும் இருக்கப்போவது இதுவேதான். மேல்மாடி வீட்டுக்காரர்களிடம் பேசி ஏற்பாடு செய்தது அண்ணன். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, வித்த சாமான் காரில் ஏறிப் போய்விட்டது என்றால் எந்த ஆள் நம்புவான் என்று அடக்கிவிட்டான்.

அவள் தேத்தண்ணியும் தானே சுட்ட முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். தனக்கு இனிப்புநீர் வியாதி, சர்க்கரை ஆகாது என்று சொல்லி வேலாயுதம் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். முறுக்கை மட்டும் எடுத்துக் கடித்தார். சோபாவின் அடியில் இருந்த இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார், மூடினார். அவள் திரும்பிப் பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. முறுக்கு பிடித்துவிட்டது, நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள்.

முழங்கால் வலியோடு அவர் அடுத்த மாடிக்கு முன்படியில் ஏறத் தொடங்கியதுமே, பின்படியில் யுகேந்திரன் பலகைகளையும் இழுப்பறைகளையும் தோளில் அடுக்கிக்கொண்டு ஓடினான்.

மேல்மாடியில் சாந்தமேரி ஆன்டி மாப்போடு வாசலை மறித்து நின்றார். இப்போதுதான் தரையைத் துடைத்ததாகவும், பாஸ் வழுக்கி விழுந்தால் கர்த்தருக்கு யார் பதில் சொல்வது என்றும் சொல்லி, நடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்கு வேலாயுதம் மறுபடியும் தலையை ஆட்டினார்.

தரை ஒருவழியாகக் காய்ந்தது. உள்ளே சோபா, வெகுநாளாக அங்கேயே கிடப்பது போல உட்கார்ந்திருந்தது. வேலாயுதம் அமர்ந்து பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார். சட்டென்று மூடினார். விஷ்ணுப்ரியா அவர் முகத்தைப் பார்த்தாள். பிடிக்கவில்லையோ?

அவர் எழுந்து நடைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியிலேயே மறுபடியும் சாய்ந்தார். “கால் வலிக்குதுலா. ஆன்டி, முன்ன கேட்டீங்களே, அந்தத் தேத்தண்ணிய இப்பக் கொடுங்க.”

கொடுத்ததை ஊதி ஊதி, சொட்டுச் சொட்டாகக் குடித்தார். தெய்வமே இறங்கி வந்து அவருக்குத் தாகம் கொடுத்ததாக விஷ்ணுப்ரியாவுக்குத் தோன்றியது. பின்படியில் தடதடவென்று சத்தம் கேட்டு அடங்கியது.

அதற்கும் மேலே, வாணியின் வீட்டில் இரும்பு கிரில் கதவு பூட்டிக் கிடந்தது. சாவியைக் காணவில்லை என்று உள்ளேயிருந்து வாணி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து தேடினாள். வேலாயுதம் கோபிக்கவில்லை. “மெதுவாத் தேடும்மா. கம்பி வழியா ஒரு கப் தேத்தண்ணி மட்டும் நீட்டிடு” என்றார்.

அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது.

“பூனை அங்கிள்” என்றாள் வாணி.

“பெரிய பூனையா இருக்கும்போல” என்று அவர் இன்னொரு வாய் குடித்தார்.

கடைசியில் சாவி வாணியின் இடுப்பிலேயே கிடைத்தது. உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்த வேலாயுதம், இழுப்பறையைத் திறந்து, உள்ளே கையை விட்டு எதையோ எடுத்து விஷ்ணுப்ரியாவின் முன் நீட்டினார்.

பாதி கடித்த முறுக்கு.

“உன் சாமான்ல ரொம்பக் கெட்டியானது இதுதான்மா. என் பல்லு செட்டு தாங்கல. நீ மனசு நோகக்கூடாதுன்னு தட்டுல இருந்த மொத்தத்தையும் உன் வீட்டு சோபா லாச்சியில ஒளிச்சேன். ஆன்டி வீட்டு லாச்சியில அது எனக்கு முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கு.”

மாட்டிக்கொண்டது விஷ்ணுப்ரியாவுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் வேலாயுதம் கையமர்த்தினார்.

“என் ஆளுங்க ஓயாம அறை மாறுவானுங்க. கட்டில் தூக்க லோரி தேடியே நான் கிழவனாயிட்டேன். ஒரே ஆளு, மூணு வீடு, ஒரு கீறல் இல்ல. எனக்கு வேண்டியது இதுதான். எல்லா அறைக்கும் செஞ்சிடு.”

கேட்டது உண்மைதானா என்று அவளுக்குப் புரியவே நேரமானது. “கீழே ஆன்டி வீட்டுலேயே தெரிஞ்சிருச்சுன்னா... அப்புறம் ஏன் அங்கிள் இந்தக் காலோட இன்னொரு மாடி ஏறினீங்க?”

“ரெண்டாவது தடவையும் முடியுதான்னு பார்க்கத்தான்” என்றவர், அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: “பூனைத் தம்பி, வெளிய வந்து மூச்சு விடுப்பா. நீ படி ஏற நேரம் கொடுக்கலேன்னா, இந்த இனிப்புநீர்க்காரன் ரெண்டு கப் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பானா?”