கை எட்டாத இடம்

வீடியோ அழைப்பில் இன்றைக்கும் முதுகுதான் தெரிந்தது. மூச்சு இயந்திரத்தோடு பிணைத்து, கணவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். "மொகத்தக் காட்டும்மா!" என்று கத்தினாள் செல்லக்கனி. "வைரஸ் நுரையீரல அடைச்சிருச்சுக்கா. இப்படிப் படுத்தாத்தான் காத்து போகுது. சாயங்காலம்தான் திருப்புவோம்" என்றாள் நர்ஸ். முதுகோடு எதைப் பேசுவது? "அப்ப எடது தோளுக்குக் கீழ கொஞ்சம் சொறிஞ்சாவது விடு தாயி. அவுகளுக்குக் கை எட்டாத எடம். வீட்ல நாந்தான் சொறிஞ்சு விடுவேன்." "மயக்கத்துல இருக்காருக்கா, அரிப்பெல்லாம் தெரியாது." "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" கையுறை போட்ட விரல் முதுகைத் தொட்டது. "அங்க இல்ல, மேல. ஐயோ, இன்னும் மேல!" நேரம் முடிந்து அழைப்பு அறுந்தது. இருண்ட திரையில் அந்த இடத்தைத் தன் நகத்தால் சொறிந்துகொண்டே இருந்தாள்.